லேப்டாப் யாருக்காகக் காத்திருக்கிறது?

தலைநகரில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு லேப்டாப் ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. பள்ளிப் பாடம், பரீட்சைக்கு விண்ணப்பம், ஊருக்குப் போக ரயில் டிக்கெட், ஊரிலிருக்கும் பாட்டியின் முகம் பார்த்துப் பேசுவது எல்லாம் இன்று அதில்தான். பல வீடுகளில் இருப்பது புதிய லேப்டாப்பும் அல்ல. அண்ணன் கல்லூரியில் வைத்திருந்தது தம்பிக்கு, தம்பியிடமிருந்து தங்கைக்கு என்று வீட்டுப் பாத்திரம் போலக் கை மாறி வந்தது.

இந்தப் பழைய லேப்டாப்புகளுக்கு 2025 அக்டோபர் 14 அன்று ஒரு சோதனை வந்தது. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அன்றோடு நிறுத்தியது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 எல்லாக் கணிப்பொறியிலும் ஏறாது. அதற்கென்று பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ ஆக இருக்கவேண்டும். 2014, 2015-ல் வாங்கியவை இந்தக் கணக்கில் வராமல் போயின. அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்பினார்கள். லினக்ஸ் இலவசம், பழைய கணிப்பொறியிலும் ஓடும். நல்ல முடிவுதான்.

ஆனால் லினக்ஸ் போட்ட சில வீடுகளிலிருந்து என் காதுக்கு வந்த புகார் ஒன்றே: “சார், சுவிட்சைப் போட்டால் மூணு நிமிஷம் ஆகுது. அதுக்கப்புறம் வைஃபை வர்றதுக்கும் நேரமாகுது.” கேட்பவர்கள் சொல்லும் பதிலும் ஒன்றே: “பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்க.”

இந்தப் பதிலை நம்பிக் கடன் வாங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மெதுவாக வேலை செய்வது வேறு; வேலையே செய்யாமல் காத்துக்கொண்டிருப்பது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதலாவதற்குத்தான் பணம் செலவாகும். இரண்டாவதற்கு அரை மணி நேரப் பொறுமை போதும்.

ஒரு வீட்டுக் கதை

எங்கள் குடியிருப்பில் விழுப்புரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. தகப்பனார் ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். பெண் பதினோராம் வகுப்பு. அவளுடையது 2014-ல் வாங்கிய லேப்டாப். நினைவகம் 4 ஜிபி. அடுத்த பிளாக்கில் இருந்த பொறியியல் மாணவர் ஒருவர் அதில் உபுண்டு லினக்ஸைப் போட்டுக்கொடுத்துவிட்டு, வேலை கிடைத்து ஹைதராபாத் போய்விட்டார். சில மாதங்களாக லேப்டாப் எழுந்திருக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல். நேரு பிளேஸில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். “மதர்போர்டுக்கு வயசாயிடுச்சு, இதில் பணம் போடுவது வீண்” என்று சொல்லி 40,000 ரூபாய்க்குப் புதியது ஒன்றைக் காட்டியிருக்கிறார் கடைக்காரர்.

தகப்பனார் என்னிடம் வந்து, “சீட்டுப் பணத்தை முன்னாடியே எடுத்துடலாம்னு பார்க்கிறேன் சார். ஜூன்ல ஊர்ல தங்கச்சி பொண்ணு கல்யாணம் இருக்கு, அதுக்காகப் போட்ட சீட்டு அது. என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொன்னேன். அந்த ஞாயிறு காலை அவர்கள் வீட்டில் அந்தப் பெண்ணும் நானும் செய்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தட்டச்சு முழுவதும் அவள் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாண வீடும் கணிப்பொறியும்

சுவிட்சைப் போட்டதிலிருந்து திரை தயாராகும் வரை உள்ளே என்ன நடக்கிறது? முதலில் கணிப்பொறியின் அடிப்படைச் சில்லு விழித்துத் தன் உறுப்புகளைச் சரிபார்க்கிறது. பிறகு ஏற்றுநிரல் வந்து லினக்ஸின் மையமான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் வன்தட்டு, திரை, வைஃபை அட்டை ஆகியவற்றைக் கண்டுபிடிக்கிறது. கடைசியாகச் ‘சிஸ்டம்டி’ என்ற நிரல் பொறுப்பேற்று, நமக்குத் தேவையான நூற்றுக்கு மேற்பட்ட சிறு வேலைகளைத் தொடங்கிவைக்கிறது.

பழைய லினக்ஸில் இந்த வேலைகள் வரிசையாக, ஒன்று முடிந்து ஒன்றாக நடக்கும். 2010-ல் லெனார்ட் போய்ட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய சிஸ்டம்டி, பல வேலைகளை ஒரே சமயத்தில் நடத்தும் முறையைக் கொண்டுவந்தது. 2011-ல் ஃபெடோராவும் 2015 ஏப்ரலில் உபுண்டுவும் டெபியனும் இதற்கு மாறின. இன்று வீடுகளில் இருக்கும் பெரும்பாலான லினக்ஸ் இதில்தான் எழுகிறது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தலில் தோரணம் கட்டுவதும், கொல்லையில் காய் நறுக்குவதும், கூடத்தில் பூ தொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஆனால் இலை போட்ட பிறகுதான் பரிமாற முடியும். சிஸ்டம்டி இந்த மேற்பார்வையாளர் வேலையைத்தான் செய்கிறது. எது எதற்கு முன், எது எதற்குப் பின் என்ற பட்டியல் அதன் கையில் இருக்கிறது.

இப்போது அந்தப் பட்டியலில், “சம்பந்தி வீட்டார் வந்த பிறகே பந்தி” என்று யாரோ எழுதிவைத்திருக்க, சம்பந்தி வீட்டார் வரும் ரயிலே ரத்தாகிவிட்டது என்று வையுங்கள். சமையல்காரர் சுறுசுறுப்பானவர்தான், அடுப்பும் நன்றாகத்தான் எரிகிறது. ஆனாலும் இலையில் சாதம் விழாது. இந்த நிலைக்கு அடுப்பை மாற்றுவது மருந்தாகுமா?

அளந்து பார்த்தோம்

லினக்ஸில் இதை அளக்கும் கருவி கூடவே வருகிறது. கறுப்புத் திரையான டெர்மினலைத் திறந்து ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டவேண்டும். எல்லாம் சின்ன எழுத்து. ‘சிஸ்டம்’ என்பதோடு ‘டி’ எழுத்தை ஒட்டி எழுதி, ஒரு சிறு கோடு போட்டு, பிறகு ‘அனலைஸ்’. நாம் பள்ளியில் படித்தபடி ‘எஸ்’ போட்டால் ஏற்காது. அமெரிக்கர் வழக்கப்படி அங்கே ‘இசட்’ வரவேண்டும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப் சொன்ன கணக்கு: கெர்னல் 38 விநாடி, அதன் பிறகு சிஸ்டம்டியின் பங்கு 2 நிமிடம் 31 விநாடி. ஆக மொத்தம் 3 நிமிடம் 9 விநாடி.

அடுத்தது ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’. ஒவ்வொரு வேலையும் எடுத்துக்கொண்ட நேரத்தை, அதிகம் எடுத்ததை முதலில் வைத்துப் பட்டியலிடும். முதல் வரியில் ‘சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன்’ என்ற பெயர், எதிரில் 2 நிமிடம் என்று இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு மேல் சில மில்லி விநாடிகள், அவ்வளவுதான்.

இங்கேதான் வாசக அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது. உண்மையாக உழைக்கிற நிரல் எடுத்துக்கொள்ளும் நேரம் 7.3 விநாடி, 11.8 விநாடி என்று கோணல்மாணலாகத்தான் இருக்கும். 30 விநாடி, 60 விநாடி, 90 விநாடி, 2 நிமிடம் என்று முழு எண்ணாக ஒன்று வந்தால் சந்தேகப்படுங்கள். அது உழைத்த நேரம் அல்ல. “இவ்வளவு நேரம் பார், வராவிட்டால் விட்டுவிடு” என்று மனிதர் யாரோ எழுதிவைத்த கெடு. கெடு தீரும் வரை ஒரு நிரல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று பொருள்.

மூன்று காத்திருப்புகள்

முதல் காத்திருப்பு அந்த 2 நிமிடம். அந்த வரியின் பெயரே காரணத்தைச் சொல்கிறது: இணைய இணைப்பு வரும் வரை காத்திரு. எந்த இணைப்பு என்று தேடினோம். மாணவர் லினக்ஸைப் போட்டபோது லேப்டாப்பின் பக்கவாட்டில் கேபிளைச் செருகி இணையம் எடுத்திருக்கிறார். 4 ஜிபி லேப்டாப்புக்குப் பாரமில்லாமல் இருக்கட்டும் என்று உபுண்டுவின் சர்வர் பதிப்பைப் போட்டு, அதன் மேல் ஓர் எளிய முகத்திரையை ஏற்றியிருக்கிறார். சர்வர் என்பது கேபிள் எப்போதும் செருகியே இருக்கும் இயந்திரம். எனவே கேபிள் இணைப்பு கிடைத்த பிறகே மேலே செல்லவேண்டும் என்பது அதன் இயல்பான ஏற்பாடு. வைஃபையைக் கவனிக்க நெட்வொர்க் மேனேஜர் என்ற வேறொரு நிரல் இருந்தது. கேபிளுக்கு ஒருவர், வைஃபைக்கு ஒருவர் என்று ஒரு வீட்டில் இரண்டு நிர்வாகிகள்.

அந்த வீட்டில் கேபிளே கிடையாது. ரௌட்டர் அடுத்த அறையில், எல்லாம் வைஃபைதான். தினமும் காலையில் லேப்டாப் வராத கேபிளுக்காக 2 நிமிடம் நின்று, ஏமாந்து, பிறகுதான் வைஃபைக்கு வழிவிட்டிருக்கிறது. வைஃபை தாமதமாக வருகிறது என்று வீட்டில் எல்லோரும் அதன் மேல் பழி போட்டிருந்தார்கள். வைஃபை நிரபராதி.

இதற்கு மருந்து ஒரே வரி. ‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘நெட்பிளான்’ என்ற கோப்புறையில் உள்ள கோப்பில், கேபிளின் பெயருக்குக் கீழே ‘ஆப்ஷனல்: ட்ரூ’ என்று சேர்க்கவேண்டும். ‘கேபிள் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி’ என்று அதற்குப் பொருள். மேலே உள்ள வரிகளுக்குச் சரியாக இடைவெளி விட்டு நேராக எழுதவேண்டும். இந்தக் கோப்பில் இடைவெளி பிசகினாலும் பிழை. இடைவெளி விடும்போது டேப் விசையைத் தொடவே கூடாது.

லேப்டாப்பை மறுபடி எழுப்பினோம். 2 நிமிடம் 31 விநாடியாக இருந்தது 1 நிமிடம் 58 விநாடிக்கு இறங்கியது. “120 செகண்டை எடுத்தாச்சே, 33 செகண்டுதானே குறைஞ்சிருக்கு தாத்தா?” என்று கேட்டாள் அந்தப் பெண். நல்ல கேள்வி.

கல்யாண வீட்டில் சம்பந்திக்காக மட்டுமா காத்திருந்தார்கள்? அதே நேரத்தில் நாதஸ்வரக்காரருக்காகவும் காத்திருந்தார்கள். இரண்டு காத்திருப்பும் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. பெரியதை நீக்கியதும் அதன் நிழலில் மறைந்திருந்த சிறியது வெளியே தெரிந்தது. ‘பிளேம்’ பட்டியலில் உள்ள எண்களையெல்லாம் கூட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். எது எதைத் தடுத்தது என்ற சங்கிலியை அறிய ‘சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின்’ என்ற இன்னொரு கட்டளை இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். அந்தப் பட்டியலில் ‘பிளைமவுத்-குவிட்-வெயிட்’ என்ற பெயர் பெரிய எண்ணோடு நின்றால் அதைத் தொடாதீர்கள். தொடக்கச் சின்னத்தைத் திரையில் காட்டும் வேலை அதனுடையது. மற்றவர்கள் முடிக்கும் வரை அதுவும் பாவம் காத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது காத்திருப்பு ‘பிளேம்’ பட்டியலில் அகப்படவில்லை. வராத விருந்தாளியின் பெயர் வந்தவர் பட்டியலில் இருக்காது அல்லவா? அதைப் பிடிக்க வேறு வழி. லேப்டாப் எழும்போது சின்னம் தெரிகிற சமயத்தில் எஸ்கேப் விசையை அழுத்தினால் திரை விலகி, உள்ளே ஓடும் வரிகள் தெரியும். அங்கே ‘எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று தொடங்கும் ஒரு வரியும், அதன் ஓரத்தில் ஏறிக்கொண்டே போகும் விநாடிக் கணக்கும், எதிரில் 1 நிமிடம் 30 விநாடி என்ற கெடுவும் இருந்தன. காத்திருந்தது வன்தட்டின் ஒரு பகுதிக்காக. திரை ஓடிவிட்டால் பாதகமில்லை. பிறகு ‘ஜர்னல்சிடிஎல் -பி’ என்று தட்டினால் அன்றைய தொடக்கக் குறிப்பு முழுவதும் கிடைக்கும். அதில் ‘டைம்ட் அவுட்’ என்ற சொல்லைத் தேடினால் போதும்.

காரணம் எளியது. நினைவகம் நிரம்பி வழியும்போது ஒதுக்கிவைக்க வன்தட்டில் ‘ஸ்வாப்’ என்று ஒரு தனிப் பகுதி இருந்திருக்கிறது. இடம் போதவில்லை என்று பின்னால் யாரோ அந்தப் பகுதியை நீக்கி, பாடக் கோப்புகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எந்தெந்தப் பகுதியை இணைக்கவேண்டும் என்று எழுதிய ‘எஃப்எஸ்டேப்’ என்ற ஜாபிதாவில் அதன் பெயர் அப்படியே இருந்தது. காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரரின் பெயர்ப் பலகை வாசலிலேயே தொங்குகிற மாதிரி. அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ‘ஹேஷ்’ குறி போட்டு அதைச் செல்லாததாக்கினோம். 4 ஜிபி நினைவகத்துக்கு ஸ்வாப் இல்லாமல் இருப்பது நல்லதல்ல என்பதால், அதற்குப் பதிலாக ஒரு கோப்பையே ஸ்வாப்பாக அமைத்தோம். 1 நிமிடம் 58 விநாடி என்பது 31 விநாடிக்கு வந்தது.

மூன்றாவது காத்திருப்பு கெர்னலின் 38 விநாடிக்குள் ஒளிந்திருந்தது. பழைய ஸ்வாப் பகுதிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. லேப்டாப்பை ஆழ்ந்து உறங்கவைத்தால் அப்போது திறந்திருந்தவற்றை அங்கேதான் எழுதிவைக்கும். எனவே ஒவ்வொரு காலையிலும் கெர்னல் அந்தப் பகுதியைத் தேடி, “நேற்று ஏதேனும் விட்டுவைத்தாயா?” என்று கேட்க 30 விநாடி நின்றிருக்கிறது. ‘இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்’ என்ற கோப்புறையில் ‘ரெஸ்யூம்’ என்ற சின்னக் கோப்பில் அந்தப் பழைய முகவரி இருந்தது. அதை ‘நன்’ என்று மாற்றி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ என்ற கட்டளையைக் கொடுத்தோம். 38 விநாடி 8 விநாடியாயிற்று.

ஆக, 3 நிமிடம் 9 விநாடியில் தொடங்கி 39 விநாடியில் முடித்தோம். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. செலவு, அந்த வீட்டு அம்மா கொடுத்த இரண்டு தம்ளர் காபி. சீட்டுப் பணம் கல்யாணத்துக்கே இருக்கட்டும் என்று தகப்பனார் சொல்லிவிட்டார்.

வைஃபை பற்றிச் சில குறிப்புகள்

எல்லா வீட்டிலும் காரணம் இதுவேதான் என்று சொல்லமாட்டேன். வைஃபை மட்டுமே உள்ள லேப்டாப்புகளில் கவனிக்கவேண்டிய வேறு சிலவற்றையும் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டுக்கான சாதாரண உபுண்டு, மின்ட் பதிப்புகளில் வைஃபையைக் கவனிப்பது நெட்வொர்க் மேனேஜர். இதற்கும் ‘வெயிட்-ஆன்லைன்’ என்று ஒரு காத்திருக்கும் வேலை உண்டு. அதன் கெடு 60 விநாடி. அலுவலகத்திலோ வீட்டிலோ வேறொரு கணிப்பொறியில் உள்ள கோப்புறையைத் தொடக்கத்திலேயே இணைக்கும் ஏற்பாடு இருந்தால் இந்தக் காத்திருப்பு தேவை. தனி லேப்டாப்புக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ‘சிஸ்டம்சிடிஎல் டிசேபிள்’ என்று தட்டி, இந்த வேலையின் முழுப் பெயரைச் சேர்த்தால் நின்றுவிடும். வைஃபை நிற்காது, அதற்காக மற்றவர்கள் நிற்பதுதான் நிற்கும்.

இரண்டாவது, பழைய வீட்டின் நினைவு. டில்லியில் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் எழுதுகிறார்கள். லட்சுமி நகரிலிருந்து மயூர் விஹார், அங்கிருந்து துவாரகா என்று நாம் மாறிக்கொண்டே இருக்கிறோம். லேப்டாப்போ ஒவ்வொரு வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஞாபகம் வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டார் ஒரு நாள் கொடுத்து, பிறகு கடவுச்சொல்லை மாற்றிவிட்ட இணைப்பு அந்தப் பட்டியலில் இருந்தால், லேப்டாப் அதன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்கு வரக்கூடும். அமைப்புகளில் வைஃபைப் பட்டியலைத் திறந்து, பயன்படாத பெயர்களை நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது, கடவுச்சொல் இருக்கும் இடம். சில அமைப்புகளில் வைஃபைக் கடவுச்சொல் ஒரு பயனருடைய சாவிப்பெட்டியில் மட்டும் இருக்கும். அவர் உள்ளே நுழைந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் வைஃபை வரும். வைஃபை அமைப்பிலேயே, இந்த இணைப்பை எல்லாப் பயனரும் பயன்படுத்தலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி போட்டால் திரை வரும்போதே வைஃபை தயாராக இருக்கும். கடவுச்சொல் அப்போது கணிப்பொறியிலேயே ஒரு கோப்பில் எழுதப்படும் என்பதையும் தெரிந்து செய்யவேண்டும். நம் வீட்டு லேப்டாப்புக்குப் பரவாயில்லை. பலர் கை படும் இடத்தில் யோசிக்கவேண்டும்.

நான்காவது, வைஃபை அட்டைக்கான ஃபர்ம்வேர். அட்டைக்குள்ளேயே ஓடும் சிறு நிரல் இது. பல அட்டைகள் இது இல்லாமல் இயங்கமாட்டா. டெபியன் பதிப்புகளில் முன்பெல்லாம் இதைத் தனியே தேடி ஏற்றவேண்டியிருந்தது. 2022-ல் அந்தச் சமூகத்தார் வாக்கெடுத்து முடிவு செய்தபடி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் வட்டிலேயே இது சேர்ந்துவிட்டது. வைஃபை தலைகாட்டவே இல்லையென்றால், முதலில் லேப்டாப்பின் விமானப் பயண விசை தவறுதலாக அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஃபர்ம்வேரைப் பாருங்கள்.

எப்போது பணம் செலவிடலாம்?

காத்திருப்புகளையெல்லாம் நீக்கிய பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, ‘பிளேம்’ பட்டியலில் முழு எண் எதுவுமில்லை, பல வேலைகள் ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு விநாடி எடுக்கின்றன என்றால் அது உண்மையான மெதுவான ஓட்டம். பெரும்பாலும் காரணம் உள்ளே சுழலும் பழைய வன்தட்டு. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் மாற்றம் பெரிது. செலவு புதிய லேப்டாப் விலையில் சிறு பங்குதான். அப்போதும் கடைக்காரரிடம் “எதை மாற்றுகிறீர்கள், ஏன்?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வன்தட்டு கடகடவென்று சத்தமிட்டாலோ, ஜர்னல் குறிப்பில் வட்டின் பெயரோடு ‘ஐஓ எரர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தாலோ அது வேறு கதை. முதலில் பாடங்களையும் புகைப்படங்களையும் வேறிடத்துக்குப் பிரதி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கை வைக்குமுன் இரண்டு எச்சரிக்கை. ‘எஃப்எஸ்டேப்’, நெட்பிளான் கோப்பு போன்றவற்றைத் திருத்தும் முன் பழையதைப் பிரதி எடுத்துவையுங்கள். எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி தவறினாலும் லேப்டாப் வழக்கமான திரைக்கு வராமல் அவசர நிலைத் திரையில் நின்றுவிடும். பிரதி இருந்தால் மீட்பது எளிது. அடுத்தது, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மாற்றுங்கள், மறுபடி எழுப்புங்கள், அளந்து பாருங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். நாலு மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் எது கேட்டது, எது கெடுத்தது என்று எந்த வைத்தியருக்கும் தெரியாது.

எழுதிவைக்கும் பழக்கம்

மேலே சொன்ன மூன்று காத்திருப்புக்கும் அடிப்படை ஒன்றே. ஒருவர் செய்த ஏற்பாடு அடுத்தவருக்குத் தெரியவில்லை. கேபிளை வைத்து லினக்ஸைப் போட்டவர் மேல் குற்றமில்லை. அன்று அவர் கையில் இருந்தது கேபிள். ஸ்வாப் பகுதியை நீக்கியவர் மேலும் குற்றமில்லை, இடம் வேண்டியிருந்தது. ஆனால் இருவரும் என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதிவைக்கவில்லை. நம் வீடுகளில் லேப்டாப் அண்ணனிடமிருந்து தங்கைக்கு, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்து கொடுத்தவர் அதற்குள் வேறு ஊரில் இருக்கிறார்.

ஆகவே நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு லேப்டாப்புக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். என்றைக்கு, யார், எதை மாற்றினார்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள். முதல் பக்கத்தில், இன்றைய தேதியில் அது எழுந்திருக்க எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து மெதுவாகிவிட்டது என்று தோன்றினால், தோன்றுவதை நம்பவேண்டாம். மறுபடி அளந்து அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரே காலையில் கற்றுக்கொண்டாள். அடுத்த வாரமே மாடி வீட்டுப் பையனின் லேப்டாப்பில் 60 விநாடிக் காத்திருப்பு ஒன்றை, என்னைக் கேட்காமலே கண்டுபிடித்து நீக்கியும் விட்டாள்.